கொரனேஷன் ஸ்ட்ரீட்டும் எங்கள் சந்தும்

இரவு எட்டு மணிக்குமேல் வடக்குமாசி வீதியிலிருந்து எங்கள் சந்துக்குள் திரும்பினால், முதல் வீட்டில் காதில் விழும் நாடக வசனம் கடைசி வீடு வரை அறுபடாமல் கூடவே வரும். எல்லா வீட்டிலும் ஒரே சேனல்; மதுரை வெக்கையில் எல்லாக் கதவும் திறந்திருக்கும். மாவு மில் வாசலில் ஒரு மருமகள் அழத் தொடங்குவதைக் கேட்டால், அவள் அழுது முடித்து மாமியார் பதில் சொல்வதை எங்கள் வீட்டுப் படியேறும்போது கேட்கலாம். மின்வாரியத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்து, ஷிப்ட் முடித்து எத்தனையோ இரவுகள் இந்தச் சந்தில் நடந்து வந்திருக்கிறேன். நாடகம் தெரு முழுக்க நிறைந்திருக்கிறதே, நாடகத்துக்குள் எங்கேயாவது தெரு இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் எனக்கு ஒருநாளும் எழுந்ததில்லை. அது எழுவதற்கு நான் மான்செஸ்டர் போக வேண்டியிருந்தது.

2023ஆம் ஆண்டு ஜனவரியில் மகளின் பேறுகாலத்துக்காக நானும் என் மனைவியும் அங்கே போனோம். மகள் அந்த ஊரில் செவிலியர். நாங்கள் போன மாதத்தில் மாலை நாலரை மணிக்கே இருட்டிவிடும். மழை பெய்வதும் தெரியாமல் விடுவதும் தெரியாமல் நாள் முழுக்கத் தூறிக்கொண்டிருக்கும். அவர்கள் குடியிருந்தது சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகளின் வரிசை. வாசற்படி நேராக நடைபாதையில் இறங்குகிறது. அடுத்த வீட்டில் அலமாரியைத் திறந்து மூடினால் நம் வீட்டுச் சுவரில் கேட்கும். எங்கள் சந்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது புது ஊராகவே தோன்றவில்லை.

பக்கத்து வீட்டில் எண்பதை நெருங்கிய ஒரு பெண்மணி தனியாக இருந்தார். பதினைந்து வயதிலேயே பருத்தி ஆலையில் நூல் சுற்றப் போனவர். என் தந்தையும் மதுரையில் ஹார்வி மில்லில் நூல் பிரிவில் இருந்தவர் என்று மகள் சொன்னதும், எங்களைத் தன் வீட்டுக்குத் தேநீர் அருந்த அழைத்தார். என் மனைவியை முதல் நாளே ‘லவ்’ என்று கூப்பிட்டார். மனைவி திகைத்து மகளைப் பார்த்தாள்.

“நம்ம ஊர்ல தாயின்னு கூப்பிடுறோம்ல, அது மாதிரிம்மா. கடைக்காரர், பஸ் டிரைவர் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க” என்றாள் மகள்.

அதற்குப் பிறகு என் மனைவிக்கு அந்த வீட்டில் கூச்சம் இருக்கவில்லை. திங்கள், புதன், வெள்ளி இரவு எட்டு மணியானால் நாங்கள் மூவரும் அவர் வீட்டு நீல நாற்காலிகளில் உட்கார்ந்திருப்போம். அப்போது அந்த நேரத்தில்தான் ஐ.டி.வி. என்ற தனியார் சேனலில் ‘கொரனேஷன் ஸ்ட்ரீட்’ என்ற நெடுந்தொடர் வந்துகொண்டிருந்தது.

தொடக்க இசையே என்னை இழுத்துப் பிடித்தது. கார்னெட் என்னும் ஊதுகருவியில் சற்றுச் சோகமாக ஒரு மெட்டு, மழையில் நனைந்த வீட்டுக் கூரைகள், அவற்றுக்கு நடுவே ஒரு தெரு. அந்த மெட்டு ஒலிக்கும்போது யாருடைய முகமும் திரையில் நம்மை நோக்கித் திரும்பிச் சிரிப்பதில்லை. தெருதான் அங்கே கதாநாயகன் இடத்தில் இருக்கிறது. அதன்பிறகுதான் மனிதர்கள் கதவைத் திறந்து வெளியே வருகிறார்கள். ஒரு முனையில் ‘ரோவர்ஸ் ரிட்டர்ன்’ என்ற மதுக்கடை, மறுமுனையில் மளிகைக் கடை, இடையில் செய்தித்தாள் விற்கும் கடை, உள்ளாடை தைக்கும் பட்டறை, வாடகைக் கார் அலுவலகம், காலைப் பலகாரம் போடும் ‘ராய்ஸ் ரோல்ஸ்’. பட்டறையில் வேலை போன பெண் மளிகைக் கடையில் கடன் சொல்கிறாள்; அது ராய்ஸ் ரோல்ஸில் தெரிந்துவிடுகிறது; இரவு மதுக்கடையில் அவள் கணவனிடம் யாரோ அதைக் கேட்டுவிடுகிறார்கள். ஒரு செய்தி நான்கு வாசலைக் கடந்து போவதற்குள் என்ன வடிவம் எடுக்கிறது என்பதிலேயே அரைக் கதை நடந்துவிடுகிறது. இது எனக்கு அந்நியமான கதைசொல்லல் அல்ல. எங்கள் சந்தில் இஸ்திரி வண்டிக்கும் பொதுக்குழாய்க்கும் இடையில் ஒவ்வொரு நாளும் இதுதான் நடக்கிறது.

அந்தப் பெண்மணிக்கு இந்த நாடகம் தன் வயதோடு சேர்ந்து வளர்ந்த ஒன்று. 1960 டிசம்பர் 9ஆம் நாள் முதல் அத்தியாயம் நேரலையாக ஒளிபரப்பானபோது அவருக்குப் பதினாறு வயது. நான் அப்போது பிறக்கவே இல்லை. எழுதியவர் டோனி வாரன். அப்போது அவருக்கு வயது 24. மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டு பக்கத்துப் பையன், தான் பார்த்து வளர்ந்த பாட்டிமார், அத்தைமார், மதுக்கடைக்காரம்மாள் ஆகியோரின் பேச்சை அப்படியே காகிதத்தில் இறக்கினார். கதை நடக்கும் வெதர்ஃபீல்டு என்ற ஊர் கற்பனை. தெருவின் பெயர், கதைப்படி, 1902இல் ஏழாம் எட்வர்டு முடிசூடியதை ஒட்டி வைத்தது. எங்கள் ஊரில் மாசி வீதி, ஆவணி மூல வீதி, ஆடி வீதி என்று மாதத்தின் பெயரையும் திருவிழாவின் பெயரையும் தெருவுக்கு வைத்தார்கள்; அங்கே மகுடத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

முதல் அத்தியாயத்தை மருமகன் இணையத்தில் தேடிக் கொடுத்தார். கறுப்பு வெள்ளை, அரை மணி நேரம்தான். அதில் கென் பார்லோ என்ற இளைஞன், அந்தத் தெருவிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போனவன், வீட்டில் இரவு உணவுக்கு உட்கார்ந்திருக்கிறான். அவன் தந்தை சாஸ் பாட்டிலை எடுத்துத் தட்டில் ஊற்றிக்கொள்வதை அவன் பார்க்கிறான். ஒரு சொல்லும் சொல்லவில்லை, பார்வை மட்டும்தான். தந்தை அதைக் கவனித்துவிடுகிறார். சற்று நேரத்தில் அவன் தன் தோழியைச் சந்திக்க ஒரு பெரிய ஓட்டலுக்குப் போகப்போவதாகச் சொல்கிறான். தந்தைக்குக் கோபம் வருகிறது. அந்த ஓட்டலின் சமையலறையில்தான் அவன் தாய் வேலை செய்கிறாள்.

நான் அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். எங்கள் சந்திலிருந்து முதன்முதலில் பொறியியல் படிக்கப் போனவன் நான். இரண்டாம் ஆண்டில் கல்லூரி நண்பன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். அப்பா மில் சங்கு ஊதி ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையில் பஞ்சுத் தூசியோடு திண்ணையில் உட்கார்ந்து, டம்ளர் டீயை டவராவில் ஊற்றி, டவராவைத் தூக்கி உறிஞ்சிக் குடித்தார். எல்லா நாளும் அப்படித்தான் குடிப்பார். அன்று அந்த உறிஞ்சும் ஓசைக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்பா அதைப் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். நண்பன் போன பிறகும் அதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவர் காலமாகி இருபது ஆண்டுகள் ஆகின்றன. அறுபது ஆண்டுகளுக்கு முன் மான்செஸ்டரில் ஒருவர் எழுதிய ஒரு சாஸ் பாட்டில் அந்த டவராவை என் முன்னால் கொண்டுவந்து வைத்தது. கென் பார்லோவாக அன்று நடித்த வில்லியம் ரோச் 1932இல் பிறந்தவர். நாங்கள் அங்கே இருந்தபோதும் அதே வேடத்தில் வந்துகொண்டிருந்தார். சாஸ் பாட்டிலைப் பார்த்து முகஞ்சுளித்த அந்தப் பையன் கிழவனாகி, அதே தெருவில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். திரைப்படம் மூன்று மணி நேரத்தில் காட்ட முடியாதது அது. உண்மையான காலம் ஒரு மனிதனின் முகத்தில் ஓடுவதைத் தொலைக்காட்சியால் மட்டுமே இப்படிக் காட்ட முடியும்.

நெடுந்தொடர் என்றாலே குறைவாகப் பேசுவது படித்தவர்களின் வழக்கமாகிவிட்டது. நீளம் ஒரு குற்றமில்லை என்பது இதனால்தான் என் முடிவு. கொரனேஷன் ஸ்ட்ரீட் 2020 பிப்ரவரியில் பத்தாயிரமாவது அத்தியாயத்தைத் தாண்டியது. நம்முடைய எந்தத் தொடரும் அந்த நீளத்தின் அருகில்கூட வராது. நம் தொடர்களிலும் நல்லவை வந்திருக்கின்றன. 2002இல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’யில் ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பனின் நடையையும் கவலையையும் பார்த்து எங்கள் சந்தே சாப்பாட்டை நிறுத்திவைத்துக் காத்திருந்தது. அது எளிய குடும்பத்தின் கதை. அதனால்தான் அவ்வளவு நெருக்கம். ஆனால் அதற்குப் பின் வந்தவற்றில் வீடு பெரிதாகிக்கொண்டே போனது. கூடத்தில் இருபுறமும் வளைந்து இறங்கும் மாடிப்படி, படியின் கீழே சோபா, சோபாவின் பின்னால் பட்டுப்புடவையில் நிற்கும் ஆறேழு பேர். வாசற்கதவைத் திறந்தால் வெளியே என்ன இருக்கிறது என்று காட்டவே மாட்டார்கள். யாரும் காய்கறி வாங்கப் போவதில்லை. கரண்ட் போவதில்லை. தண்ணீர் வராத நாளே இல்லை. பக்கத்து வீடு என்று ஒன்று இல்லவே இல்லை.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வாரத்தில் ஆறு நாள் ஒளிபரப்ப வேண்டிய தொடருக்கு ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயமாவது எடுத்தாக வேண்டும். சென்னையில் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு பங்களாவுக்குள் விளக்கைப் பொருத்திவிட்டால் காலை முதல் இரவு வரை இடம் மாற்றாமல் எடுக்கலாம். தெருவில் எடுப்பதென்றால் அனுமதி வேண்டும், கூட்டத்தை நிறுத்த வேண்டும், ஆட்டோ ஹாரன் வசனத்தில் விழாமல் பார்க்க வேண்டும். கொரனேஷன் ஸ்ட்ரீட் எடுப்பவர்கள் அதற்கு வேறு வழி கண்டார்கள். கற்பனைத் தெருவைச் செங்கல்லாலேயே கட்டிவிட்டார்கள். 1982இல் மான்செஸ்டர் நகருக்குள் படப்பிடிப்பு வளாகத்தில் ஒரு தெருவை எழுப்பினார்கள். பிறகு அதைவிடப் பெரிய தெருவை மான்செஸ்டரை ஒட்டிய டிராஃபோர்டில் எழுப்பி 2014 வாக்கில் அங்கே குடிபெயர்ந்தார்கள். அறுபது ஆண்டுகள் ஓடும் ஒரு தொடருக்கு ஒரு தெருவைக் கட்டுவது பெரிய செலவாகத் தோன்றாது.

செலவைவிட முக்கியமான காரணம் வேறொன்று என்று நினைக்கிறேன். 1955இல் பிரிட்டனில் பி.பி.சி.க்குப் போட்டியாகத் தனியார் தொலைக்காட்சி தொடங்கியபோது, அதை ஒரே கம்பெனியின் கையில் கொடுக்கவில்லை. நாட்டை வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு நிறுவனம் என்று உரிமம் கொடுத்தார்கள். வட இங்கிலாந்தின் வார நாட்களுக்கான உரிமம் கிரனாடா என்ற நிறுவனத்துக்குக் கிடைத்தது. அது மான்செஸ்டரில் கட்டடம் கட்டி 1956இல் ஒளிபரப்பத் தொடங்கியது. லண்டனிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, அந்த ஊர் மழையிலும் புகையிலும் உட்கார்ந்து ஆட்கள் நாடகம் எடுத்தார்கள். அதனால்தான் அந்த ஊர்க்காரர் ஒருவர் எழுதிய, அந்த ஊர்ப் பேச்சுள்ள ஒரு கதை எடுக்கப்பட்டது. அதுவரை தொலைக்காட்சியில் வடக்கத்திப் பேச்சு பெரும்பாலும் சிரிப்பு மூட்டத்தான் பயன்பட்டது. துக்க வீட்டிலும், கடன் கேட்கும்போதும், மகனைக் கண்டிக்கும்போதும் அதே பேச்சை நாடு முழுவதும் கேட்க வைத்தது இந்தத் தெருதான்.

நமக்கு அது வாய்க்கவில்லை. சென்னையில் தொலைக்காட்சி 1975இல் வந்தது. மதுரையில் நாங்கள் பார்க்கத் தொடங்கியது எண்பதுகளின் பிற்பகுதியில், கொடைக்கானல் மலையில் கோபுரம் நின்ற பிறகு. மொட்டை மாடியில் ஆன்டெனாவை மேற்கே திருப்பிவிட்டு, கீழே இருப்பவரிடம் “தெரியுதா, தெரியுதா” என்று கத்திக் கேட்ட காலம். கோபுரம் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. படம் சென்னையிலிருந்து வந்தது. தொண்ணூறுகளில் தனியார் சேனல்கள் வந்த பிறகும் எடுப்பவர்களும் எழுதுபவர்களும் அங்கேதான். மதுரை அவர்களுக்கு ஒரே ஒரு காரியத்துக்குத்தான் தேவைப்பட்டது. ‘வந்தாய்ங்க, போனாய்ங்க’ என்று ஒருவன் பேசினால் அடுத்த காட்சியில் அவன் அருவாளைத் தூக்குவான் என்பது திரையில் எழுதாத சட்டமாகிவிட்டது. எங்கள் மாவு மில்காரர் அதே ‘வந்தாய்ங்க’வைச் சொல்லிக்கொண்டே முகமெல்லாம் மாவுப் பூச்சோடு கம்பும் கேழ்வரகும் அரைத்துக் கொடுக்கிறார், “அங்கிட்டு வைங்கத்தா, சூடா இருக்கு” என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் கிழவிக்குச் சொல்கிறார். இந்தத் தமிழில் தாலாட்டு இருக்கிறது, இழவு இருக்கிறது, வட்டிக் கணக்கு இருக்கிறது, காதலும் இருக்கிறது. அதை அடிதடிக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. அந்த மான்செஸ்டர் பெண்மணி தன் வாய்ச்சொல்லையே திரையில் கேட்டுத் தலையாட்டுவதைப் பார்த்த பிறகு அந்த வலி கூடியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மின்வாரியத்துக்காரன் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் நாள் விளம்பர இடைவேளை வந்ததும் அந்தப் பெண்மணி எழுந்து போய்த் தேநீருக்குக் கெட்டிலைப் போட்டார். உதவிக்குப் போன நான் அதன் அடியில் இருந்த எழுத்தைப் பழக்கதோஷத்தில் திருப்பிப் பார்த்தேன். 3 கிலோவாட். நம் வீடுகளில் தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் இழுப்பதைவிட அதிகம். இடைவேளை என்பது எல்லா வீட்டுக்கும் ஒரே நொடியில் வருகிறது. அந்த நொடியில் இலட்சக்கணக்கானோர் எழுந்து கெட்டிலைப் போடுவதை அந்த ஊர் மின்துறையினர் ‘டிவி பிக்கப்’ என்கிறார்கள். லோடு டெஸ்பாட்ச் அறையில், அதாவது லோடுக்கு (மின் தேவைக்கு) ஏற்ப உற்பத்தியைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டு அறையில், நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு, நாடகம் எத்தனை மணிக்கு முடிகிறது என்று பார்த்து உற்பத்தியைக் கூட்டுகிறார்கள். 1990 ஜூலை 4 அன்று உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்று முடிந்ததும் ஏறிய லோடு 2,800 மெகாவாட். கெட்டில் கணக்கில் ஒன்பது இலட்சத்துக்கும் மேல்.

இதைச் சமாளிக்க அவர்களுக்கு ஒரு மலை இருக்கிறது. வேல்ஸில் பழைய சிலேட்டுக் கல் குவாரி இருந்த மலையைக் குடைந்து 1984இல் திறந்த டினோர்விக் நீரேற்று மின்நிலையம் அது. இரவில் மின்சாரம் மிஞ்சும்போது கீழ் ஏரித் தண்ணீரை மேல் ஏரிக்கு ஏற்றி வைப்பார்கள். லோடு ஏறும்போது இறக்குவார்கள். டர்பைன்களை வெறும் காற்றில் சுழலவிட்டுத் தயாராக வைத்திருந்தால், தண்ணீரைத் திறந்த 12 வினாடிகளில் 1,320 மெகாவாட் கொடுக்கும். நம் ஆனைமலைப் பகுதியில் காடம்பாறையில் இதே முறையில் 400 மெகாவாட் நிலையம் இருக்கிறது. எங்கள் மாலை நேர உச்சத் தேவைக்கு அது பலமுறை கைகொடுத்திருக்கிறது. பணியின் கடைசி ஆண்டுகளில், 2020 ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு நாடு முழுக்க விளக்கணைத்தபோது, சில நிமிடங்களில் 31,000 மெகாவாட் அளவுக்குத் தேவை இறங்கியதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தவர்களில் நானும் ஒருவன். அதனால் அந்தக் கெட்டிலை வெறும் கெட்டிலாக என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு கற்பனைத் தெருவில் ஒரு கதவு சாத்தப்படுகிறது, திரையில் விளம்பரம் வருகிறது, எங்கோ ஒரு மலைக்குள் மதகு திறக்கிறது. கதைக்கு எவ்வளவு பலம் என்று கேட்டால் மெகாவாட்டில் பதில் சொல்லக்கூடிய நாடு அது.

அந்தப் பலம் கெட்டிலோடு நிற்கவில்லை. 1998இல் கொரனேஷன் ஸ்ட்ரீட்டின் டெய்ட்ரி என்ற பெண், ஏமாற்றுக்காரன் ஒருவனை நம்பியதால், செய்யாத குற்றத்துக்குச் சிறைக்குப் போவதாகக் கதை போனது. அவளை விடுவிக்கச் சொல்லிப் பத்திரிகைகள் இயக்கம் நடத்தின. பிரதமர் டோனி பிளேர் வரை அதைப் பற்றிப் பேசினார். அதேபோல் பி.பி.சி. 1985இல் தொடங்கிய ‘ஈஸ்ட் எண்டர்ஸ்’, லண்டன் கிழக்குப் பகுதியின் ஒரு சதுக்கத்தைச் சுற்றிய கதை, 1986 கிறிஸ்துமஸ் இரவில் மூன்று கோடிப் பேரை உட்கார வைத்தது; அப்போதைய மக்கள்தொகையில் பாதிக்கும் மேல். அன்று நடந்தது ஒரு மதுக்கடைக்காரர் மனைவியிடம் விவாகரத்துக் காகிதத்தை நீட்டியது மட்டும்தான்.

குறையும் உண்டு, அதை எனக்குக் காட்டியது என் மகள். தெருமுனை மளிகைக் கடையை இப்போது தேவ் என்ற இந்தியர் நடத்துகிறார். “இந்தக் கடைக்கு நம்ம ஆளுங்க வர்றதுக்கு முப்பத்தொம்பது வருஷம் ஆச்சுப்பா” என்றாள். சரிதான். ஐம்பதுகளிலிருந்தே இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்தவர்கள் அந்த ஆலைகளில் இரவு ஷிப்ட் பார்த்திருக்கிறார்கள். கொரனேஷன் ஸ்ட்ரீட்டில் முதல் ஆசியக் குடும்பம் குடிவந்ததோ 1999இல். வீதியில் இருந்தவர்கள் கதையின் வாசலில் நாற்பது ஆண்டுகள் நிறுத்தப்பட்டார்கள். அந்தப் பெண்மணியிடம் மகள் இதைக் கேட்டபோது, தன்னோடு அடுத்த இயந்திரத்தில் நின்ற பாகிஸ்தான்காரர் ஒருவரின் பெயரைச் சொல்லிவிட்டு, அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

எங்கள் சந்தைக் கதையாக எழுதினால் நான் யாரை வாசலில் நிறுத்துவேன் என்று அன்றிரவு யோசித்தேன். தறியைக் கைவிட்டு இப்போது சுங்குடிச் சேலை விற்கும் சௌராஷ்டிரக் குடும்பம் வரும். புதுமண்டபத்துத் தூணடியில் நாற்பது ஆண்டு தையல் மெஷின் மிதித்து, கடைகளை மாற்றியபோது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன டெய்லர் பாய் வருவார். விடியற்காலை ஐந்தரைக்கு எங்கள் சந்தில் பெருக்கிக் குப்பை வாங்கிப்போகும் அம்மாளை நான் இருபது ஆண்டுகளாகப் பார்க்கிறேன். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று அன்று வரை நான் கேட்டதில்லை. ஊருக்குத் திரும்பிய மறு வாரம் கேட்டேன். மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி வைகைக் கரையோரம் இருக்கிறார்.

திரும்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன் டிராஃபோர்டுக்கு அழைத்துப் போனார். படப்பிடிப்பு இல்லாத நாளில் அந்தத் தெருவுக்குள் பார்வையாளரை விடுகிறார்கள். கல் பதித்த தரை, சிவப்புச் செங்கல் சுவர், பித்தளைத் தபால் துளை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் உள்ளே திரைச்சீலையின் பின்பக்கமும் வெறும் சுவரும்தான். வீட்டின் உட்புறங்கள் பக்கத்துக் கூடத்தில் தனியாக இருக்கின்றன. டோனி வாரன் மனத்தில் வைத்து எழுதிய சால்ஃபோர்டு ஆர்ச்சி ஸ்ட்ரீட்டை எழுபதுகளின் தொடக்கத்திலேயே இடித்துவிட்டார்கள். உண்மைத் தெரு போய்விட்டது, கதைத் தெரு நிற்கிறது. ரோவர்ஸ் ரிட்டர்ன் வாசலில் எங்கள் முன்னால் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

மதுரைக்கு வந்ததும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். சந்தில் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை நடப்பதை எழுதி வைக்கிறேன். நாடகமாக்கத் தெரியாது, பேச்சை மட்டும் கேட்டபடி எழுதுகிறேன். இது மூன்றாவது நோட்டு. போன சித்திரையில், தேர் மாசி வீதி சுற்றி நிலைக்கு வந்த மறுநாள், குழாயில் தண்ணீர் வராமல் லாரி வந்தது. நடுவீட்டில் ஓரகத்திகள் இருவர், மேல் போர்ஷன், கீழ் போர்ஷன். பாகத் தகராறில் பதினோரு ஆண்டுகளாக முகம் பார்த்துப் பேசியதில்லை. வரிசையில் அடுத்தடுத்து நின்றார்கள். மூத்தவர் குடம் நிறைந்து வழிந்தது. அவர் கவனம் டிவிச் சத்தத்தில் இருந்தது. இளையவர் குனிந்து ஓஸைத் திருப்பித் தன் குடத்தில் விட்டுக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

“எடுத்துட்டுப் போங்கக்கா, நெறஞ்சிருச்சு.”

மூத்தவர் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு எட்டு நடந்தார். அப்புறம் நின்று, “கடைசிக் குடத்த ரொம்ப ரொப்பாத, படியேறணும்ல” என்றார்.

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அடுத்த குடம் வந்தது.